கல்லில் நிற்காத வரலாறு: பெனிதா பெர்சியாளின் தூபவர்க்க உருவங்கள்

முதுகலைத் தமிழ் முதலாண்டு மாணவிகளை ஆண்டுக்கு ஒரு நாள் முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போவது என் வழக்கம். நாட்டார் வழக்காற்றியல் தாளுக்கு அது களப்பணி. தட்சிணசித்ரா வாசலில் பேருந்து நின்றதும் முதலில் செல்பி எடுத்துக்கொள்வார்கள். பிறகுதான் குறிப்பேடுகள் வெளியே வரும். தென்னிந்தியாவின் பல ஊர்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து, தூணும் உத்தரமுமாக ஏற்றிவந்து, கடற்கரை மணலில் மறுபடி எழுப்பியிருக்கும் இடம் அது. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1984இலிருந்து இயங்குகிறது. லாரி பேக்கரின் வடிவமைப்பில் உருவான தட்சிணசித்ரா, 1996 டிசம்பரில் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

அங்கே கேரளப் பகுதியில் ஒரு சிரியன் கிறிஸ்தவ வீடு நிற்கிறது. கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது. மரவேலைக்காகவே அதைப் பார்க்க வேண்டும். சென்ற முறை அந்த வீட்டுக்குள் ஒரு மாணவி மூக்கை உறிஞ்சியபடி அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தாள். அவள் அருகிலிருக்கும் கோவளத்துப் பெண்; கார்மேல் மாதா கோயில் தெருவிலிருந்து வருகிறவள்.

"என்னம்மா தேடுற?" என்றேன்.

"வாசனை மேடம். எங்க ஆயா வீட்டுக்குள்ள போனாலே சாம்பிராணி அடிக்கும். இந்த வீட்ல எத்தினி பேரு சமைச்சிருப்பாங்க, புள்ள பெத்திருப்பாங்க. ஒண்ணுமே வரலையே."

உலகத்தில் எந்த அருங்காட்சியகமும் வாசனையைக் காப்பாற்றி வைப்பதில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் திரும்பி வரும்போது பேருந்தில் அந்தக் கேள்வி என்னோடு உட்கார்ந்திருந்தது. ஒரு வீட்டின் மரத்தை நாம் காப்பாற்றிவிட்டோம். அதற்குள் நூறு வருடம் பெண்கள் புழங்கிய மாவு, சாம்பல், எண்ணெய், மஞ்சள், புகை ஆகியவற்றை எங்கே தேடுவது? மரபு என்று நாம் அழைப்பது, பெரும்பாலும், எது அழியாமல் நின்றதோ அதைத்தான். எந்தப் பொருள் நிற்கும், எது நிற்காது என்பதோ யார் எந்தப் பொருளைக் கையாண்டார்கள் என்பதோடு சம்பந்தப்பட்டது. இந்தக் கட்டுரை அந்த மாணவிக்கு நான் சொல்லத் தவறிய பதில். அதை ஒரு கலைஞரின் வழியாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கல், வெண்கலம், பாத்திக்

முட்டுக்காட்டிலிருந்து தெற்கே போனால் மாமல்லபுரம். உளிச் சத்தம் இன்றும் ஓயாத ஊர். ஏழாம் நூற்றாண்டிலிருந்து அங்கே கல் பேசிக்கொண்டிருக்கிறது. கல்லில் பெண்கள் இல்லாமல் இல்லை. மகிஷாசுரனோடு போரிடும் துர்க்கை இருக்கிறாள். கிருஷ்ண மண்டபத்தின் புடைப்புச் சிற்பத்தில் பால் கறக்கும் ஆயனுக்கு அருகே, தலையில் சுமையோடு நடக்கும் ஓர் ஆயர்பெண்ணும் இருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: சுமக்கிற பெண்ணைக் கல் வைத்துக்கொண்டது, அவள் சுமந்ததை யார் முடைந்தார்கள், எதால் முடைந்தார்கள் என்பதை வைத்துக்கொள்ளவில்லை. ஓலையும் கோரையும் ஒரு தலைமுறைகூடத் தாங்குவதில்லை.

வடக்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். அதன் வேர் சென்னை எழும்பூரில், 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளியில் இருக்கிறது. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. அதன் முதல் இந்திய முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நாம் கடந்துபோகும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது; 1959இல் நிறுவப்பட்டது. வெண்கலத்தில் நான்கு ஆண்கள் பாறையைப் பெயர்க்கிறார்கள். உழைப்பு என்றால் இதுதான் என்று மூன்று தலைமுறைக்கு அந்தச் சிலை சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களோடு 1966இல் சோழமண்டலத்தை உருவாக்கினார். அந்தக் கிராமம் கைவினைப் பொருள்களை விற்றுத்தான் தன்னை நிறுத்திக்கொண்டது. ஓவியர்கள் பாத்திக் துணிகள் செய்தார்கள். அந்தப் பணத்தில் ஓவியம் வரைந்தார்கள். மெழுகும் சாயமும் துணியும் சோறு போட்டன. கலை வரலாற்றில் இடம்பிடித்தவை கேன்வாஸும் உலோகமும். கைவினைக்கும் கலைக்கும் நடுவே போடப்பட்ட அந்தக் கோடு பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த கோடு. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே அதே கோடுதான் ஓடுகிறது.

அந்த வட்டத்தில் பெண்கள் இருந்தார்கள். சிற்பி அனிலா ஜேக்கப், ஓவியர் அர்னவாஸ் இருவரும் சோழமண்டலத்தில் வாழ்ந்து வேலை செய்தவர்கள். சென்னைக் கலைப்பள்ளியில் படித்த டி.கே. பத்மினி 1969இல் பிரசவத்தில் இறந்தபோது அவருக்கு வயது 29. 'மெட்ராஸ் கலை இயக்கம்' பற்றிப் பேசும்போது இந்தப் பெயர்கள் பட்டியலின் கடைசியில் வரும்; சில சமயம் வராமலும் போகும்.

பெனிதா பெர்சியாள் இதே கல்லூரியின் பிற்காலத்து மாணவி. 1978இல் திருவண்ணாமலையில் பிறந்தவர். சென்னையில் ஓவியமும் பதிப்போவியமும் படித்தார். சென்னையிலேயே இருந்து வேலை செய்கிறார். ஆனால் அவர் கைக்கு எடுத்த பொருள்கள் கல்லூரியின் எந்தப் பட்டறையிலும் கிடைக்காதவை. விதை, மூலிகை, மரப்பட்டைப் பொடி, இலவங்கப்பட்டை, கிராம்பு, எலுமிச்சைப்புல், பழைய மரத்துண்டுகள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும். நாட்டு மருந்துக் கடைக்கும் கோயில் பீடத்துக்கும் பிள்ளைபெற்ற வீட்டுக்கும் பொதுவான சரக்குகள் இவை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்சியாள் என்ற பெயரைத் தமிழ் வேதாகமம் படித்தவர்கள் அறிவார்கள். ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், மிகவும் உழைத்தவள் என்று சொல்லி வாழ்த்தப்படுகிற ஒருத்தியின் பெயர் அது. அந்த ஒரு வரிக்கு மேல் அவளைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. என்ன உழைத்தாள், எதைக் கொண்டு உழைத்தாள் என்பதற்குப் பதிவில்லை.

கொச்சியில் ஒரு மணம்

2014 டிசம்பரிலிருந்து 2015 மார்ச் வரை நடந்த இரண்டாவது கொச்சி-முசிறிஸ் பியனாலேயை ஓவியர் ஜிதிஷ் கல்லாட் தொகுத்திருந்தார். ஜனவரி விடுமுறையில் நான் போயிருந்தேன். கோட்டைக் கொச்சியில் கடலோரத்துப் பழைய பண்டகசாலையான பெப்பர் ஹவுஸில் பெனிதாவின் 'ஃபயர்ஸ் ஆஃப் ஃபெயித்' என்ற படைப்பு இருந்தது. விசுவாசத்தின் தழல்கள் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் அது எட்டியது. சாம்பிராணியும் கிராம்பும் ஈரக்காற்றும் கலந்த ஒரு மணம். பிறகு உருவங்கள் தெரிந்தன. கிறிஸ்தவக் கதையிலிருந்து வந்த, பழுப்பும் கருப்புமான உருவங்கள். கை இல்லாதவை, முழுமை பெறாதவை. பழைய தேவாலயம் ஒன்றின் பரணிலிருந்து இறக்கி வைத்ததுபோல் இருந்தன. கிட்டப் போனால் கல்லோ மரமோ இல்லை என்று தெரிந்தது. பிசினும் பொடியும் பிசைந்து உருவாக்கப்பட்ட உடல்கள். எரிந்து புகையாகிப் போக வேண்டிய பொருள், எரியாமல், மனித வடிவில் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை தலை முழுகிய பிறகு, தணல் போட்ட தட்டில் சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கூந்தலை விரித்துப் படுத்திருப்பாள். வாரத்தில் அவள் சும்மா இருந்த அரைமணி நேரம் அதுதான். அப்பா இறந்தபோது அவருடைய கடிதங்கள், நாட்குறிப்புகள், புத்தகங்கள் எல்லாவற்றையும் நான் அடுக்கி வைத்தேன். அம்மா இறந்தபோது எடுத்து வைக்க என்ன இருந்தது? சில புடவைகள், ஒரு கண்ணாடிக்கூடு. அவள் நாற்பது வருடம் கையாண்ட பொருள்கள் எல்லாம் அன்றன்றைக்குத் தீர்ந்துபோகிறவை. கோலத்தை மறுநாள் பெருக்கியாயிற்று, மாவு புளித்துத் தீர்ந்தாயிற்று, புகை கலைந்தாயிற்று. முனைவர் பட்டத்துக்கு ஓலைச்சுவடிகளோடு ஐந்து வருடம் செலவழித்த எனக்கு என் அம்மாவைப் பற்றி ஓர் ஆவணமும் இல்லை. பெப்பர் ஹவுஸில் அந்த மணத்துக்குள் நின்றபோதுதான் இது முதன்முதலாக உறைத்தது.

ஒரு பிசினின் பயணம்

பெனிதா எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தூபவர்க்கம் தென் அரேபியாவிலும் சோமாலியக் கரையிலும் வளரும் மரத்தின் பிசின். பட்டையைக் கீறினால் வடியும், காற்றில் இறுகும், சுரண்டி எடுப்பார்கள். வெள்ளைப்போளமும் அதே பக்கத்து முள்மரம் ஒன்றின் பிசின். நம் மலைக்காடுகளின் குங்கிலியம் தூபவர்க்க மரத்தின் நெருங்கிய உறவு. கடையில் நாம் சாம்பிராணி என்று வாங்குவதில் சுமத்திராவிலிருந்து வந்த வேறொரு மரத்தின் பிசினும் அடங்கும். அரபுக் கடலும் வங்கக் கடலும் ஒரு சிட்டிகைச் சாம்பிராணியில் கலந்திருக்கின்றன.

முசிறியிலிருந்து மிளகு மேற்கே போன அதே கடல்வழியில்தான், கி.பி. 52இல் அப்போஸ்தலர் தோமா வந்திறங்கினார் என்று கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் மரபு சொல்கிறது. அந்த மரபின் மறுமுனை சென்னையின் பரங்கிமலையும் சாந்தோமும். முட்டுக்காட்டில் நிற்கும் புதுப்பள்ளி வீடு அந்தச் சமூகத்து வீடுதான். தோமாவின் வருகையைத் தொல்லியல் உறுதி செய்யவில்லை. ஆனால் பொருள்களின் வருகைக்குச் சாட்சி வேண்டியதில்லை. மதம் வந்த பாதையும் சரக்கு வந்த பாதையும் ஒன்று. பெனிதாவின் உருவங்களைப் பண்டகசாலை ஒன்றில் பார்ப்பது அதனால் பொருத்தமாக இருந்தது. கதையையும், கதை ஏறிவந்த கப்பலின் சரக்கையும் அவர் ஒரே உடலாகப் பிசைந்திருந்தார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுவிசேஷத்தில் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் முதலில் வருவது குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் கொடுக்கும் காணிக்கையாக. அந்தக் காட்சியை எல்லாத் தேவாலயங்களும் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கின்றன. நறுமணச் சரக்குகள் கடைசியில் மறுபடி வருகின்றன: விடியற்காலையில், கல்லறைக்கு, உடலில் பூசுவதற்காகப் பெண்கள் கொண்டுபோகிறார்கள். கல்லறை வெறுமையாக இருந்ததை முதலில் கண்டவர்கள் அவர்கள். சீடர்களிடம் போய்ச் சொன்னபோது, பிதற்றல் என்று எண்ணி நம்ப மறுத்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பிறப்பில் ஞானிகளின் கையில் காணிக்கையாக இருந்த பொருள், இறப்பில் பெண்களின் கையில் வேலையாக இருக்கிறது. பிணத்தைக் கழுவுவது, பிள்ளைபெற்றவளுக்குப் புகை போடுவது, குழந்தையின் ஈரத்தலையை உலர்த்துவது. இந்த வேலைகளெல்லாம் மதம் மாறினாலும் கை மாறுவதில்லை.

தமிழ்க் கிறிஸ்தவப் பெண் என்ற அடையாளம் நம் இலக்கிய வரலாறுகளில் அரைப் பக்கத்துக்குள் முடிந்துவிடுவது. 'தமிழ் மரபு' என்றதும் கோபுரமும் குத்துவிளக்கும் வரும் ஒரு பொதுப்புத்தியில், திருவண்ணாமலையில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் மரபு எது? பெனிதாவின் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் சின்னங்களைக் கொண்டு வாதாடவில்லை. சாம்பிராணியைக் கையில் எடுத்தார். அது தேவாலயத்தின் தூபக்கலசத்திலும் அம்மன் கோயில் தட்டிலும் தர்காவிலும் ஒரேபோல் புகைகிறது. அடையாளத்தைப் பிரித்துக்காட்டும் சின்னங்களைவிட, எல்லோர் வீட்டிலும் புகுந்து புறப்படும் இந்தப் பொருள்கள்தாம் இந்த மண்ணின் வாழ்வை உண்மையாகச் சொல்கின்றன என்று நினைக்கிறேன்.

எலைசாவின் லேஸ்

தமிழ்த்துறையில் கால்டுவெல்லைப் படிக்காமல் யாரும் பட்டம் வாங்க முடியாது. 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நம் அரசியலையே மாற்றிய நூல். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நானும் இருபது வருடமாக அவரைப் பாடம் நடத்துகிறேன். எலைசா கால்டுவெல்லைப் பாடம் நடத்தியதில்லை.

எலைசாவின் தாய் மார்த்தா மால்ட், லண்டன் மிஷனைச் சேர்ந்த கணவர் சார்லஸ் மால்ட்டோடு 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தவர். பெண்பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்தினார். 1820களின் தொடக்கத்தில் அந்தப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போன மகள் எலைசா, அங்கே பெண்கல்வியோடு லேஸ் வேலையையும் கொண்டுபோனார். தென்திருவிதாங்கூரில் சாதி அடிமைமுறை இருந்த காலம் அது. அங்கே 1855இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. லேஸ் விற்ற காசைக் கொண்டு அடிமைநிலையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகள் பேசுகின்றன. அதே மண்ணில், அதே பத்தாண்டில், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான போராட்டம் 1859 அரசாணையோடு ஒரு கட்டத்தை எட்டியது. ஒரு முழம் துணியும் ஒரு கண்டு நூலும் அந்தப் பெண்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள்.

மிஷனரிகள் இந்த வேலையைக் கொடுத்ததில் கட்டுப்பாடும் இருந்தது. குனிந்த தலையும் ஓயாத விரலும் 'நல்ல கிறிஸ்தவப் பெண்'ணின் அடையாளம் என்று அவர்கள் எண்ணினார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான் கேட்பது வேறு. 1856இல் ஒப்பிலக்கணம் அச்சேறியபோது, இடையன்குடியிலும் நாகர்கோவிலிலும் பெண்கள் பின்னிக்கொண்டிருந்தார்கள். நூல் என்ற சொல் தமிழில் இரண்டுக்கும் பொது. ஒரு நூல் நூலகத்தில் இருக்கிறது. மற்றது சீமைக்குக் கப்பலேறி யாருடைய கழுத்திலோ கையிலோ நைந்துபோயிற்று.

பெனிதாவுக்கு முன்பு தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் பொருள்சார் கலை என்று ஒரு வரலாறு எழுதினால், அதன் முதல் அத்தியாயத்தில் இந்த லேஸ் பின்னியவர்கள் இருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்கு இல்லை.

பொருளைத் தேர்ந்தெடுத்த பெண்கள்

பெனிதா தனியாக இல்லை. கர்நாடகத்தின் பத்ராவதியில் 1957இல் பிறந்த ஷீலா கௌடா ஓவியராகத் தொடங்கியவர். 1990களின் தொடக்கத்தில், நாடு மதக்கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, எண்ணெய் வண்ணத்தை விட்டுச் சாணத்துக்கு வந்தார். பிறகு ஊசி, நூல், குங்குமம். நூறு மீட்டருக்கும் மேற்பட்ட நூலை ஊசிக்கண்ணில் கோத்து, இரண்டாக மடித்து, பல இழைகளைக் குங்குமச் சிவப்பும் பிசினும் தோய்த்து ஒட்டி, குடல்போல் நெளியும் கயிறாக்கினார். இழைகளின் முனையில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். 2009இல் வெனிஸ் பியனாலேயில் அவர் காட்டிய 'பிஹோல்ட்' என்ற படைப்பில் மனிதக் கூந்தலால் திரித்த சுமார் 4,000 மீட்டர் கயிறு, கார்களின் பம்பர்களைத் தாங்கி நின்றது. கண்ணேறு படாமல் இருக்க வண்டியில் கட்டும் முடிக்கயிறு அது.

மிருணாளினி முகர்ஜி (1949–2015) சணலை முடிச்சுப் போட்டே ஆளுயர உருவங்களை எழுப்பினார். முடிச்சுப் போடுவதைக் கைவேலை என்று ஒதுக்கிய காலத்தில், அதை அவர் சிற்பம் என்றார்.

இவர்கள் மூவரையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்போது ஒரு செய்கை பொதுவாகத் தெரிகிறது. பெண்ணின் கைக்குத் தரப்பட்ட பொருளை, பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அளவிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். சாணம் வாசலைத் தாண்டுகிறது. நூல் புடவை ஓரத்தைத் தாண்டுகிறது. சாம்பிராணி தட்டைத் தாண்டி உடலாகிறது.

வகுப்பில் ஒரு தடை

இதையெல்லாம் வகுப்பில் படக்காட்சியோடு சொன்னேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அழிஞ்சு போற பொருள்தான் பொம்பளைங்களோடதுன்னா, நம்மள மறுபடியும் அழிஞ்சு போகச் சொல்றீங்களா மேடம்? எனக்குக் கல்லு வேணும். வெண்கலம் வேணும். அதுவும் எங்களுதுதானே?"

நியாயமான கேள்வி. 'பெண்மை', 'மென்மை', 'மண்வாசம்' என்று அழகான பெயர் வைத்து நம்மைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பும் வேலையை எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள், கவிஞர்களும் செய்திருக்கிறோம். அனிலா ஜேக்கப் சிற்பியாக வேலை செய்தபோது தன் கைக்கு வந்த பொருளை யாரிடமும் அனுமதி கேட்டு எடுக்கவில்லை. கல்லும் வெண்கலமும் நமக்கும் உரியவைதாம்.

அவளுக்கு நான் சொன்னது இது. வெண்கலமும் அசையாதது இல்லை: மெரினாவில் நின்ற கண்ணகி 2001இல் காணாமல் போனாள், 2006இல்தான் திரும்பி வந்தாள். ஒரு சிலை நிற்பதற்கு உலோகத்தின் உறுதியைவிட அதிகாரத்தின் சம்மதம்தான் முக்கியம் என்று அந்த ஐந்து வருடம் காட்டியது. அடுத்தது, சாம்பிராணி நம் அம்மாக்களுக்கு விதிக்கப்பட்டது. பெனிதா அதைத் தேர்ந்தெடுத்தார். பதிப்போவியத்தில் முதுகலை வரை படித்தவருக்கு வேறு வழிகள் இருந்தன. தேர்ந்தெடுத்து, உருவாக்கி, தன் பெயரைப் போட்டார். அந்தப் பெயர் பியனாலேயின் பட்டியலில் இருக்கிறது. உருவம் உதிர்ந்தாலும் பெயர் உதிராது.

ஆனால் இந்தப் பதிலிலும் ஒரு ஓட்டை இருக்கிறது என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. பட்டியலில் கலைஞரின் பெயர் இருக்கும். சோமாலியாவில் பிசினைச் சுரண்டியவர், தரகுக் கடையில் கல்லும் தூசியும் போகப் பிசினைத் தரம்பிரித்த பெண், மரப்பட்டைப் பொடியையும் கரித்தூளையும் பிசைந்து நாள் முழுக்க ஊதுபத்தி உருட்டும் பெண்கள் ஆகியோரின் பெயர் எங்கும் இருக்காது. கலை அவர்களுடைய பொருளுக்கு மதிப்பைக் கொண்டுவந்தது, கூலியைக் கொண்டுவரவில்லை. இந்தக் கடனைக் கலைஞர் ஒருவரின் தலையில் கட்ட முடியாது. ஆனால் கண்காட்சியைப் பார்த்து உருகிவிட்டு வருகிற நாம் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று பக்கம்

அந்தப் பருவத்துக்கு நான் கொடுத்த ஒப்படைப்பு: "உங்கள் வீட்டுப் பெண்கள் கையாளும், ஓராண்டுகூடத் தாங்காத ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்கிருந்து வருகிறது, யார் யார் கை படுகிறது, எப்படி முடிகிறது? மூன்று பக்கம்."

கோலமாவு, மருதாணி, பீடி இலை, வசம்பு, பனையோலை, பூ கட்டும் வாழைநார் என்று வந்தன. வந்தவாசிப் பக்கத்து மாணவி ஒருத்தி கோரைப்பாயின் சாயத்தைப் பற்றி எழுதியிருந்தாள். பாய் நெய்யும் அவள் பெரியம்மாவின் விரல்கள் எந்தக் கிழமை என்ன நிறத்தில் இருக்கும் என்றுகூட அதில் இருந்தது.

கோவளத்து மாணவி சாம்பிராணியைத்தான் எழுதுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுதியிருந்தாள். ஆயாவிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். ஆயா முப்பது வருடம் மீன் விற்றவர். கோவளத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைப் பேருந்தில் ஏற்றி, கேளம்பாக்கம் பக்கம் தெருத்தெருவாகப் போய் விற்றுவிட்டு, மத்தியானம் திரும்புகிறவர். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத் தலைக்கும் புடவைக்கும் சாம்பிராணிப் புகை போடுவார். ஜெபத்துக்காகத்தான் என்று பேத்தி இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆயா சொன்னதை அவள் அப்படியே எழுதியிருந்தாள்:

"ஜெபத்துக்கு இல்லடி. சாயங்காலம் உன்ன ஸ்கூல்ல இருந்து கூட்டியாரணும்ல. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. உனக்கு வெக்கமா இருக்கும்னுதான்."

முட்டுக்காட்டு வீட்டில் அவள் தேடிய வாசனை அதுதான். மணம் என்றதும் அழகான நினைவு என்றே நான் எடுத்துக்கொண்டேன். சாதியும் கூலியும் வெட்கமும் மணத்தின் வழியாகவும் நடக்கின்றன என்பதை அவளுடைய மூன்று பக்கம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பெனிதாவின் உருவங்களை நான் மறுபடி பார்க்க நேர்ந்தால், இந்த ஆயாவையும் கூட அழைத்துக்கொண்டுதான் பார்ப்பேன்.

அந்த ஒப்படைப்புகளை மாணவிகளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்களிடம் கேட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டடம் போட்டு, துறை நூலகத்தில் ஒப்பிலக்கணம் இருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் எழுதியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதற்கு எதிர்ப் பக்கத்தில், அவர்கள் யாரைப் பற்றி எழுதினார்களோ அந்தப் பெண்களின் பெயர்கள், இனிஷியலோடு.